சிறு விடுதியின் கணினி, கைத்தொலைபேசி, வங்கிக் கணக்கு ஆகியவற்றின் பாதுகாப்பை எங்கிருந்து தொடங்குவது?

கடற்கரை விடுதி, உப்புவெளி:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையோரம் ஏழு அறைகள் கொண்ட விடுதியொன்றையும் அதனுடன் சேர்ந்த சிறிய உணவகத்தையும் நானும் என் தம்பியும் நடத்தி வருகிறோம். சீசன் காலமான மே தொடக்கம் செப்டெம்பர் வரை புறாமலைக்குப் படகுப் பயணங்களையும் ஒழுங்கு செய்து கொடுக்கிறோம். முன்பதிவுகளில் பாதி ஒரு வெளிநாட்டு இணையத்தளத்தின் வழியாகவும், மீதி வாட்ஸ்அப் வழியாகவும் வருகின்றன.

சென்ற கிழமை விடுதியின் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. தங்கிச் சென்ற விருந்தினர் ஒருவர் அறையில் மூட்டைப்பூச்சி இருந்ததாக முறையிட்டிருக்கிறார் என்றும், 24 மணித்தியாலத்துக்குள் பதில் தராவிட்டால் முன்பதிவுத் தளத்தில் எங்கள் பக்கம் நிறுத்தப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளை அதிலிருந்த இணைப்பைத் திறந்தபோது, "நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிப்படுத்துங்கள்" என்றொரு கட்டம் வந்திருக்கிறது. அதில் சரி அடையாளம் இட்டதும், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் ஒன்றாக அழுத்துங்கள், அடுத்து கண்ட்ரோல் விசையுடன் வி விசையை அழுத்துங்கள், இறுதியாக என்டரை அழுத்துங்கள் என்று மூன்று படிகள் தோன்றியிருக்கின்றன. இது வழமைக்கு மாறாக இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியதால், எதையும் அழுத்தாமல் என்னை அழைத்துக் காட்டினாள். நாங்கள் அப்படியே மூடிவிட்டோம்.

இதைப் பற்றிப் பாதுகாப்புக் கருவிகள் விற்கும் ஒருவரிடம் விசாரித்தபோது, இணையத்திலிருந்து வருவதையும் போவதையும் வடிகட்டும் ஃபயர்வோல் பெட்டியொன்றைப் பொருத்தியே ஆக வேண்டும் என்று சொல்லி, சீசன் இல்லாத மாதங்களில் எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியாத ஒரு விலையைக் கூறினார். எங்களிடம் இருப்பது விண்டோஸ் 10 ஓடும் ஒரு மடிக்கணினி, தம்பியின் கைத்தொலைபேசி, ஒரு றவுட்டர், நான்கு கமராக்கள் ஆகியவை மட்டுமே. விடுதியின் வாட்ஸ்அப் அப்பாவின் பெயரில் எடுத்த பழைய சிம்மில் இயங்குகிறது. விருந்தினர்களுக்குக் கொடுக்கும் வைபையைத்தான் நாங்களும் பயன்படுத்துகிறோம். அந்தப் பெட்டி உண்மையிலேயே தேவையா? தேவையில்லை என்றால், செலவு குறைந்த வழியில் எதை முதலில், எதை அடுத்ததாகச் செய்ய வேண்டும்?

திருத்துநர், மத்திய வீதி:

வணக்கம். கணினி திருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கேட்ட வரிசையிலேயே சொல்வதானால், அந்தப் பெட்டி இப்போது தேவையில்லை. அது ஏன் என்பது உங்களுக்கு வந்த கடிதம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாலே விளங்கிவிடும்.

அந்தக் கட்டத்தில் அடையாளம் இட்ட கணத்திலேயே, அந்தப் பக்கம் ஒரு கட்டளை வரியை உங்கள் கணினியின் நகல் நினைவகத்தில் சத்தமில்லாமல் ஏற்றி வைத்துவிடுகிறது. விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்ந்தால் 'ரன்' என்ற சிறு பெட்டி திறக்கும். கண்ட்ரோலும் வியும் சேர்ந்தால் ஏற்றி வைத்த வரி அதற்குள் விழும். என்டர் அதை இயக்கும். திருடனுடைய நிரலை உங்கள் பணியாளரே தன் விரல்களால் இயக்குவதால், வைரஸ் தடுப்பு மென்பொருள்கூடச் சில வேளைகளில் அதைத் தடுக்காமல் விட்டுவிடுகிறது. வெளியிலிருந்து எவரும் உடைத்துக்கொண்டு நுழையவில்லை என்பதால், சாதாரணமாகப் பொருத்தப்படும் ஃபயர்வோல் பெட்டி அதில் பெரிதாகத் தலையிடப்போவதில்லை. துறையில் இந்த முறைக்கு 'கிளிக்ஃபிக்ஸ்' என்று பெயர். விடுதிகளைக் குறிவைத்து, முன்பதிவுத் தளம் அனுப்பியது போன்ற தோற்றத்தில் வரும் இதே வகைக் கடிதங்களைப் பற்றி மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 மார்ச்சில் விரிவாகவே எழுதியிருந்தது.

என்டரை அழுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எதைக் காக்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியும். இறங்கும் நிரல், உலாவியில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களையும், நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமாக உலாவி வைத்திருக்கும் குக்கிகளையும் வாரிக்கொண்டு போய்விடும். குக்கி கையில் இருந்தால், கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வைத்திருக்கும் கணக்கிலும் அவர்கள் அதைக் கேட்கப்படாமலே நுழைய முடியும். பிறகு உங்கள் முன்பதிவுப் பக்கத்துக்குள் இருந்துகொண்டு, அடுத்த மாதம் வரவிருக்கும் விருந்தினருக்கு, சரியான பெயர், சரியான திகதி, சரியான தொகை ஆகியவற்றுடன், "உங்கள் அட்டையை மீண்டும் உறுதிப்படுத்துங்கள்" என்று உங்கள் பெயரிலேயே செய்தி அனுப்புவார்கள். பணத்தை இழப்பவர் விருந்தினர். மதிப்பீட்டுப் பகுதியில் ஏச்சு வாங்குவது நீங்கள்.

நீங்கள் எதையும் ஒட்டி இயக்கவில்லை என்பதால் பயப்படத் தேவையில்லை. ஆயினும் எங்காவது சில எழுத்துகளை நகலெடுத்து, நினைவகத்தில் கிடக்கும் அந்தப் பழைய வரியை அழித்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் டிஃபென்டரைக் கொண்டு முழுச் சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். இனி இப்படி எந்தக் கடிதம் வந்தாலும், அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், நீங்கள் வழமையாகப் போகும் புக்மார்க்கின் வழியாக முன்பதிவுத் தளத்துக்குள் சென்று பாருங்கள். முறைப்பாடு உண்மையென்றால் அது அங்கேயும் இருக்கும். உண்மையான எந்தச் சரிபார்ப்பும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது என்பதை வரவேற்பு மேசையில் எழுதி ஒட்டினாலும் தகும்.

இனி வரிசை. விடுதியின் மின்னஞ்சல்தான் முதலிடம் பெற வேண்டியது, ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளிலும் 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்பதை அழுத்தினால் கடிதம் வந்து சேரும் இடம் அதுதான். அதற்கு வேறு எங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல் ஒன்றை வையுங்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸில் வைக்காமல், கைத்தொலைபேசியில் எண்களை உருவாக்கித் தரும் செயலியில் வையுங்கள். ஜிமெயில் என்றால் ஒவ்வொன்றும் 8 இலக்கம் கொண்ட 10 மாற்றுக் குறியீடுகளைத் தரும். அவற்றை அச்சிட்டு, காணி உறுதி வைத்திருக்கும் அலுமாரியில் வையுங்கள். தம்பியின் கைத்தொலைபேசி படகில் இருந்து கடலுக்குள் விழுந்தால் உங்களுக்குக் கைகொடுக்கப்போவது அந்தத் தாள்தான்.

அடுத்தது அப்பாவின் சிம். விடுதியின் எண்ணாக அதை இத்தனை வாடிக்கையாளர் அறிந்திருக்கும்போது, அது தொலைந்தால் அவர் நேரில் போய்க் கையொப்பமிட வேண்டியிருக்கும் நிலை நல்லதல்ல. சேவை நிலையத்துக்கு இருவருமாகப் போய், உரிமையை உங்கள் பெயருக்கு அல்லது வியாபாரப் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி 6 இலக்க இரகசிய எண் ஒன்றை வையுங்கள். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதியைத் திறந்து, அடையாளம் தெரியாத கணினி ஏதும் அங்கே இருந்தால் நீக்கிவிடுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்கப் பதிவுக் குறியீட்டை, கேட்பவர் சொந்தத் தங்கையின் எண்ணிலிருந்தே கேட்டாலும், கொடுக்கக் கூடாது. ஒருவரின் கணக்கைப் பறித்தவர்கள் அடுத்ததாக அந்தக் கணக்கிலிருந்துதான் உறவினர்களிடம் கேட்கிறார்கள்.

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டன. மடிக்கணினியில் இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் 11க்கு இலவசமாகவே மாறிவிடலாம். பழைய இயந்திரம் என்றால், அதில் நீங்கள் செய்வது உலாவி, மின்னஞ்சல், கணக்குத்தாள் ஆகியவை மட்டும்தானே, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டால் போதும், அதற்கும் கட்டணமில்லை. இதைத் தள்ளிப்போடுபவர்களுக்கு நான் 2017ஐ நினைவுபடுத்துவது வழக்கம். அந்த ஆண்டு மே மாதம் உலகமெங்கும் கணினிகளை முடக்கிய வானாகிரை என்ற தீய நிரல், மைக்ரோசொஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, அடைத்துக் கொடுத்திருந்த ஓட்டையின் வழியாகத்தான் பரவியது.

வைபையைப் பிரிப்பது அரை மணித்தியால வேலை. பெரும்பாலான றவுட்டர்களில் விருந்தினர் வலையமைப்பு என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கி, விருந்தினருக்கு அதன் கடவுச்சொல்லை மட்டும் கொடுங்கள். மடிக்கணினியும் கமராக்களும் மற்றதில் இருக்கட்டும். றவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் கடவுச்சொல்லே இன்னும் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கிண்ணியா மொத்த வியாபாரம்:

அஸ்ஸலாமு அலைக்கும். திருத்துநர் தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் வியாபாரி என்ற முறையில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. அவர் கணினியைப் பற்றிப் பேசுகிறார்; எங்கள் கைக்காசு பெரும்பாலும் போவது கணினிக்கே வேலையில்லாத வழிகளில்.

எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் கொழும்பிலுள்ள ஒரு விநியோகத்தரிடம் நெடுங்காலமாகச் சரக்கெடுப்பவர். ஒருநாள் வழமையான மின்னஞ்சல் முகவரியிலிருந்தே வழமையான விலைப்பட்டியல் வந்தது; வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு. "எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இம்முறை இதற்கு அனுப்புங்கள்" என்று ஒரு வரியும் இருந்தது. கடிதம் வந்த முகவரி உண்மையானதுதான், ஆனால் அந்த அலுவலகத்தின் அஞ்சல் பெட்டிக்குள் வேறு யாரோ பல நாளாக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரு விதி வைத்திருக்கிறோம். கணக்கு எண் மாறியதாக எவர் எழுதினாலும், பழைய பற்றுச்சீட்டில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை நாங்களே அழைத்து, குரலைக் கேட்டுப் பேசிய பிறகுதான் பணம் போகும். புதுக் கடிதத்தில் இருக்கும் எண்ணை அழைப்பதில் பயனில்லை, அதுவும் அவர்களுடையதாகவே இருக்கும். விநியோகத்தர் சலித்துக்கொள்வார் என்று கூச்சப்படத் தேவையில்லை. நல்ல விநியோகத்தர் இதற்கு நன்றி சொல்வார்.

விடுதிக்காரருக்கு இன்னும் நெருக்கமானது ஸ்லிப் பிரச்சினை. வாட்ஸ்அப்பில் வரும் பணமாற்றுச் சிட்டையின் படம் பணமல்ல. கைத்தொலைபேசியிலேயே திகதியையும் தொகையையும் மாற்றிப் படம் செய்யும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, வரவு வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அறையை உறுதிப்படுத்துங்கள். வங்கிகளுக்கிடையிலான உடனடிப் பரிமாற்றம் பெரும்பாலும் நொடிகளில் வந்து சேர்ந்துவிடுகிறது என்பதால், "அனுப்பியாயிற்று, நாளைக்கு வரும்" என்று சொல்பவரிடம், நாளைக்கு வந்ததும் உறுதிப்படுத்துவதாகச் சொல்வதில் தவறேதுமில்லை.

"தவறுதலாகக் கூடுதலாகப் போட்டுவிட்டோம், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று வருவது இன்னொரு வகை. பத்து அறை வேண்டும், குழுவாக வருகிறோம் என்று பெரிய தொகைக்குக் காசோலையை உங்கள் கணக்கில் வைப்பிலிடுவார்கள். இருப்பில் தொகை தெரியும், ஆனால் காசோலை இன்னும் தீர்வாகியிருக்காது. நீங்கள் மீதியை உண்மையான பணமாக அனுப்பிய பிறகு அது திரும்பி வரும். வங்கி முகாமையாளரிடம் "இந்தத் தொகை தீர்வாகிவிட்டதா" என்று நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு சதமும் திருப்ப வேண்டாம்.

உணவகத்தில், கைத்தொலைபேசியால் பணம் செலுத்துவதற்கான லங்கா கியூஆர் குறியீட்டை ஒட்டி வைத்திருந்தால், காலையில் கடை திறக்கும்போது உங்கள் கைத்தொலைபேசியாலேயே ஒருமுறை ஸ்கேன் செய்து, உங்கள் வியாபாரப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவது ஒரு நிமிட வேலை.

உவர்மலை ஓய்வுநிலை ஆசிரியர்:

பிள்ளை, இரண்டு பேரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் இரண்டு விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். ஒன்று, எல்லாக் கடவுச்சொற்களையும் மாதம் ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள், அவற்றை ஒருபோதும் எழுதி வைக்காதீர்கள். இதைத்தான் நாங்கள் மாணவர்களுக்கும் கற்பித்தோம்.

இரண்டாவது, தரவுப் பிரதி. இதைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. 2023 ஓகஸ்டில் லங்கா அரசாங்க மேகக் கணிமை மீது, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தபோது, அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்களில் அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையானவை மீளக் கிடைக்கவில்லை. அந்தக் காலப்பகுதிக்கு இணையத்திலிருந்து விலகி வைத்த பிரதி இருக்கவில்லை என்பதே காரணம். அதில் ஓடிய அஞ்சல் மென்பொருளும் பழைய பதிப்புத்தான். ஒரு நாட்டின் அரசாங்கத்துக்கே அப்படி நடந்தது என்றால், உங்கள் மடிக்கணினியில் இருக்கும் இரண்டு ஆண்டுக் கணக்கை நீங்கள் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது என் கடமை.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறிடத்தில் என்பது பழைய விதி. வேறிடம் என்பதைத் திருகோணமலையில் இருப்பவர் சற்று யோசித்துத் தெரிவு செய்ய வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எதுவரை வந்தது என்பது உப்புவெளியில் இருப்பவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடுதியின் பின் அறை வேறிடமாகாது, அதே கரையிலிருக்கும் அயல் விடுதியும் ஆகாது. மேட்டில், உவர்மலையிலோ கடலிலிருந்து தள்ளியிருக்கும் வேறோர் ஊரிலோ இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கட்டும். இரண்டை வாங்கி மாற்றி மாற்றிக் கொண்டுபோய் வைத்தால் இன்னும் நல்லது. கடற்காற்றின் உப்பு சாதனங்களை அரிக்கும் என்பதால், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். ஒக்டோபர், நவம்பர் மாத இடிமுழக்கத்தின்போது மின் இணைப்பையும் றவுட்டரின் வடத்தையும் கழற்றிவிடுங்கள். இதெல்லாம் சைபர் பாதுகாப்பா என்று சிலர் சிரிக்கலாம். இடி விழுந்து எரிந்த மடிக்கணினிக்கும் ரான்சம்வேர் பூட்டிய மடிக்கணினிக்கும் கணக்கை இழந்தவர் பார்வையில் வேறுபாடில்லை.

திருத்துநர், மத்திய வீதி:

ஐயா, தரவுப் பிரதியைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லும் மாற்றுவதற்கில்லை. அதோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பிரதி எடுத்து முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கை மடிக்கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். செருகியபடியே இருந்தால், ரான்சம்வேர் கணினியைப் பூட்டும்போது அதையும் சேர்த்தே பூட்டிவிடும். கூகுள் டிரைவ் போன்றவற்றில் ஒத்திசைவாகும் கோப்புகளுக்கும் இது ஓரளவு பொருந்தும், கணினியில் கெட்டுப்போன கோப்பே மேலேயும் போய்ச் சேர்ந்துவிடும்; பழைய பதிப்புகள் அங்கே குறிப்பிட்ட காலத்துக்கே இருக்கும். எடுத்த பிரதியிலிருந்து ஒரு கோப்பையாவது சீசன் தொடங்குமுன் திறந்து பார்க்கவும் வேண்டும். திறக்க முடியாத பிரதியுடன் என் கடைக்கு வந்தவர்கள் பலர்.

கடவுச்சொல் விடயத்தில் மட்டும் தங்களோடு உடன்பட முடியவில்லை, மன்னிக்க வேண்டும். மாதந்தோறும் மாற்றச் சொன்னால் மனிதர்கள் 'திருமலை1', 'திருமலை2' என்று கடைசி எண்ணை மாத்திரம் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்பதை எல்லோரும் பார்த்துவிட்டோம். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டலிலேயே, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் காலவரையறை வைத்துக் கட்டாயமாக மாற்றச் சொல்ல வேண்டாம் என்று கூறிவிட்டது. நீளமும், ஓரிடத்தில் வைத்ததை இன்னோரிடத்தில் வைக்காமையும்தான் முக்கியம். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தொடர்ந்து எழுதினால் போதும், பிள்ளைகளின் பெயரும் பிறந்த ஆண்டும் மட்டும் வேண்டாம்.

எழுதி வைப்பதும் குற்றமல்ல. எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விடயம் இருக்கிறது. திரைக்குக் கீழே ஒட்டினால் விருந்தினர் படமெடுத்துக்கொண்டு போவார். வீட்டு அலுமாரியில் பூட்டிய குறிப்பேட்டை ரஷ்யாவிலிருந்து எவரும் திருட முடியாது. கணக்குகள் பல இருந்தால் பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் காப்பகமொன்றின் இலவசப் பதிப்பே இந்த அளவு வியாபாரத்துக்குப் போதும். உலாவியில் சேமிப்பதை விட அது நல்லது, ஏனென்றால் நான் முதலில் சொன்ன நிரல்கள் தேடிப் போகும் முதல் இடம் உலாவிதான்.

கடற்கரை விடுதி, உப்புவெளி:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. ஆசிரியர் ஐயா கேட்ட கேள்விக்கு உவர்மலையில் இருக்கும் சித்தியின் வீடுதான் பதில் என்று முடிவாகிவிட்டது. மின்னஞ்சலையும் வாட்ஸ்அப்பையும் நேற்றே சரிசெய்தோம். வாட்ஸ்அப்பின் இணைக்கப்பட்ட சாதனங்களில், இரண்டு சீசனுக்கு முன் எங்களிடம் வேலை செய்து விலகியவரின் கணினி இன்னும் இருந்ததைக் கண்டு நீக்கினோம். அவர் நல்ல மனிதர்தான், இருந்தும் இத்தனை நாளும் எங்கள் விருந்தினர் எழுதியதெல்லாம் அவருக்கும் தெரியும்படி இருந்திருக்கிறது.

அதையொட்டி மூன்று கேள்விகள் எழுகின்றன. எங்கள் பணியாளர்களில் பாதிப் பேர் சீசனுக்கு மாத்திரம் வருபவர்கள், அவர்களுக்கு எப்படி அனுமதி கொடுத்து எப்படித் திரும்பப் பெறுவது? விருந்தினரின் கடவுச்சீட்டைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது எங்கள் வழக்கம், அதில் ஏதும் பிழை இருக்கிறதா? கமராக்களைத் தம்பி வீட்டிலிருந்தே கைத்தொலைபேசியில் பார்க்கிறார், அதில் ஆபத்து உண்டா?

சட்டத்துறை வாசகி:

அக்கா, கடவுச்சீட்டுப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டங் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்டது. அதன் அடிப்படை எளிமையானது: குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான அளவு விவரத்தை மட்டும் சேகரிக்க வேண்டும், நோக்கம் முடிந்த பின் வைத்திருக்கக் கூடாது, வைத்திருக்கும் காலத்தில் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். ஒரு மீறலுக்கான தண்டம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். சிறு விடுதியை எவரும் நாளையே தேடி வரப்போவதில்லை, ஆனால் சட்டத்தை விட்டுவிட்டு யோசித்தாலும் அந்த வழக்கம் நல்லதல்ல. குழுவில் போட்ட படம் குழுவிலுள்ள ஒவ்வொருவரின் கைத்தொலைபேசியிலும், பலரது படத்தொகுப்பிலும், அவரவர் மேகப் பிரதியிலும் போய்ச் சேர்கிறது. வேலையை விட்டு விலகியவர் குழுவிலிருந்து நீங்கினாலும் படங்கள் அவரிடம் இருந்துகொண்டேயிருக்கும். பதிவேட்டுக்கு வேண்டிய பெயர், எண், நாடு, திகதி ஆகியவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டு கடவுச்சீட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள். படம் கட்டாயம் வேண்டுமென்றால், மடிக்கணினியில், கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாதபடி குறியாக்கம் செய்த ஒரு கோப்புறையில் வைத்து, எப்போது அழிப்பது என்று ஒரு திகதியையும் முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. உங்கள் பெயரில் எவராவது விருந்தினரிடம் பணம் பறித்தால், பயத்தில் செய்திகளை அழித்துவிடாதீர்கள். திரையில் தெரியும் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, திகதியும் நேரமும் தெரியும்படி சேமித்துக்கொண்டு, முதலில் வங்கிக்கும் பிறகு பொலிஸுக்கும் அறிவியுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் அனுமதியின்றி ஒருவரின் கணக்கில் நுழைவதே குற்றம், பணம் போயிருக்க வேண்டும் என்பதில்லை. என்ன செய்வதென்று தெரியாத வேளையில் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற எண்ணுக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

திருத்துநர், மத்திய வீதி:

பணியாளர் விடயத்தில், ஒரே கடவுச்சொல்லை எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பதை நிறுத்துவதே பாதி வேலை. முன்பதிவுத் தளங்களில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு உருவாக்க இடமிருக்கிறது. வரவேற்பு மேசைக்கு வருகைப் பட்டியலைப் பார்க்கவும் விருந்தினருக்குப் பதில் எழுதவும் அனுமதி கொடுத்தால் போதும். வங்கிக் கணக்கு எண்ணை மாற்றும் பக்கம் உங்களுக்கும் தம்பிக்கும் மட்டும் திறக்கட்டும். மடிக்கணினியிலும் அவர்களுக்கு நிர்வாகி அல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றைத் தனியே உருவாக்குங்கள். செப்டெம்பரில் சம்பளம் தீர்க்கும் அன்று, அறைச் சாவியைத் திரும்ப வாங்கும் அதே மேசையில் வைத்துக் கணக்கையும் நீக்கிவிட்டால் மறந்துபோகாது. வைபையின் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றுங்கள்.

கமராவைப் பொறுத்தவரை, 2016இல் மிராய் என்ற நிரல் தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் அவற்றின் படங்களைச் சேமிக்கும் பதிவுப் பெட்டிகளையும் இலட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையத்தளங்களை முடக்கியது. அதற்குத் தேவைப்பட்டது அறுபது சொச்சம் பொதுவான கடவுச்சொற்களின் பட்டியல் மட்டுமே. எனவே பதிவுப் பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல் பொருத்தியவர் விட்டுச் சென்றதாக இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், பொருத்தியவருக்கென்று உள்ளே தனிக் கணக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து றவுட்டரில் கமராவுக்காகத் திறந்துவிட்ட போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழி, ஏதும் இருந்தால் மூடிவிட்டு, உற்பத்தியாளரின் செயலி வழியாகத் தம்பி பார்க்கட்டும். அந்தச் செயலிக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருந்தால் இயக்குங்கள். போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு, றவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'போர்ட் ஃபோர்வேர்டிங்', சாதனங்கள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் 'யுபிஎன்பி' என்ற இரண்டு பகுதிகளையும் திறந்து பாருங்கள். இரண்டாவதை அணைத்தே வைக்கலாம். அணைத்த பிறகு கமரா செயலியில் தெரியாமல் போனால் பதிவுப் பெட்டியின் மாதிரி எண்ணை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.